கரைக்கு ஓடிய விளக்குகள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், பிள்ளைகளே. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், மடியில் தூங்குகிற குழந்தையை எழுப்ப வேண்டாம். கடலுக்குக் கொண்டுபோக வைத்திருந்த விளக்குகளை ஒரு விமானத்துக்காகத் தூக்கிக்கொண்டு போன ஜங்லிகாட்டு ஜனங்களின் கதையைச் சொல்கிறேன். பாதியில் விடமாட்டேன். நடுவில் மனசு கனத்துப் போனால் பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறோம்.

அறுபத்தெட்டாம் வருடம், ஐப்பசி மழை. போர்ட் பிளேயரில் ஜங்லிகாட் குடாவை ஒட்டித் தகரக்கூரை போட்ட பலகை வீடுகள் வரிசையாக நின்ற காலம். ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் வங்காளம், அதற்கடுத்த வீட்டில் தமிழ். தெருவில் இறங்கினால் எல்லோருக்கும் தீவு இந்தி. அந்த வரிசையில் கடைசி வீடு கஸ்பாருடையது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில் கல்யாணம் முடிந்த கையோடு மனைவி சூசைமேரியைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவன். பின்னாலேயே சூசைமேரியின் அண்ணன் சின்னப்பனும் வந்துவிட்டான். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து இரண்டு டுங்கி வைத்திருந்தார்கள். மரப்படகுக்கு இங்கே டுங்கி என்று பெயர். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் படகில் கட்டித் தொங்கவிட்டு, வெளிச்சத்துக்கு வருகிற மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பார்கள்.

கஸ்பாருக்கு ஒரே மகள், அமுதம். கார் நிக்கோபாரில் கொத்தனார் வேலை பார்த்த அந்தோணிமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். ஏழாம் மாசத்திலேயே அழைத்து வந்திருக்க வேண்டும். அந்த மாசத்துக் கப்பல் பழுதாகிக் கிடந்தது. அடுத்த கப்பல் வந்தபோது கடல் கொந்தளிப்பு. அங்கே கப்பல் கரையில் ஒட்டாது, அலைக்கு நடுவே சின்னத் தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரியை அந்த அலையில் இறக்க அந்தோணிமுத்துவுக்குத் தைரியம் வரவில்லை. கப்பல் அவளை விட்டுவிட்டு வந்துவிட்டது.

இங்கே சூசைமேரி, மகள் வந்ததும் ஆக்கிப்போட வேண்டும் என்று பால்சுறாவை உப்புப் போட்டுக் காயவைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதுதான் கொடுப்பார்கள். மழை தூறினால் உள்ளே எடுப்பாள், வெளுத்தால் கூரையில் போடுவாள். அந்த ஐப்பசியில் அது ஒன்றே ஒரு வேலையாகிப் போனது.

அன்று பின்மத்தியானம் அப்படித்தான் சுறாவை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள். கஸ்பார் கணவாயை இரைக்கு நறுக்கிக்கொண்டிருந்தான். சின்னப்பன் விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்தபடி, காலையில் தன் தூண்டிலில் சிக்கி அறுத்துக்கொண்டு போன மீனைப் பற்றி அளந்துகொண்டிருந்தான்.

"மாப்ள, அது வாலை ஆட்டுன ஆட்டுல டுங்கி ஒரு சுத்து சுத்திட்டுல்லா."

"மச்சான், போகப்போக அந்த மீனு வளந்துக்கிட்டே இருக்கு. ராத்திரிக்குள்ள திமிங்கிலம் ஆயிரும்."

சூசைமேரி சிரித்தாள். அப்போதுதான் உதயசூரியன் சைக்கிளைச் சேற்றிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தான். ஒயர்லெஸ் ஆபீசில் வேலை பார்க்கும் பையன், தஞ்சாவூர்க்காரன். வாரம் ஒருமுறை அந்தோணிமுத்துவின் சேதியைக் கொண்டுவந்து, மீன் குழம்பு சாப்பிட்டுப் போகிறவன். அவன் முகத்தைப் பார்த்ததுமே சூசைமேரி சுறாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, உக்காருங்க. முதல்ல உக்காருங்க."

"நீ சொல்லு தம்பி. நின்னுக்கிட்டே கேப்பேன்."

"அமுதத்துக்குக் காலைலேர்ந்து உதிரம் போகுதாம். அங்க ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்க முடியாதுன்னுட்டாங்க. ஆபரேசன் பண்ணணுமாம். இங்கதான் கொண்டாரணும்."

கஸ்பார் கத்தியோடு எழுந்து நின்றான். "கப்பல் எப்பம்?"

"கப்பல் இப்ப இல்லண்ணே. கல்கத்தா மரக்கம்பெனி ஒண்ணு சின்ன ப்ளேன் வச்சிருக்கு, முதலாளியை ஏத்தி எறக்க. அது நேத்து அங்க போய் நிக்குது. பைலட் தத்தா சாப் யார் கிட்டயும் கேக்காம, நான் கொண்டுபோறேன்னு ஏத்திக்கிட்டாராம். ஒரு நர்சும் கூட வருது. கெளம்பிட்டாங்க."

"கெளம்பியாச்சா?"

"கெளம்பியாச்சு. மழைமேகத்தைச் சுத்திக்கிட்டு வர்றதால நேரமாகுமாம்."

சின்னப்பன் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், "நம்ம வம்சத்துலயே மொதமொதல்ல பறக்குறவ என் மருமவதான்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அந்தமானில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். மெயின்லேண்டில் மாலைக் காப்பி குடிக்கிற நேரத்தில் இங்கே விளக்கேற்றியாக வேண்டும். அன்றைக்கு மேகம் வேறு. உதயசூரியன் பேசிக்கொண்டிருக்கும்போதே தெரு கருத்துக்கொண்டு வந்தது. சேற்றைத் தெறித்துக்கொண்டு ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஜம்புலிங்கம், விமானத்தளத்துப் பொறுப்பாளர், மெட்ராஸ்காரர். சட்டை முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம்.

"பெட்ரோமாக்ஸ் எத்தினி இருக்குது இங்க? எல்லாத்தையும் எடுங்க. நம்ம ஏரோட்ரோம்ல ராத்திரி எறங்குற பழக்கமே கெடையாது, லைட்டும் கெடையாது. தகரத்துல எண்ணெய ஊத்திக் கொளுத்துனா மழை அணைச்சுடுது. ரன்வே ரெண்டு பக்கமும் லைட்டு நிக்கணும். ப்ளேன் இருட்டுல வருது."

"எம் மவ அதுல வாராய்யா" என்றான் கஸ்பார்.

ஜம்புலிங்கம் அவன் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப சீக்கிரம் வா" என்றார்.

ஜங்லிகாட் முழுக்க ஓடினார்கள். கடலுக்குக் கிளம்பிய டுங்கிகளைக் கூப்பிட்டு நிறுத்தி விளக்கை வாங்கினார்கள். கல்யாணத்துக்கு விளக்கு வாடகைக்கு விடுகிற வங்காளிக் கடைக்காரர் பூட்டை உடைக்காத குறையாகக் கதவைத் திறந்து, "லே ஜாவ், ஜல்தி" என்று எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தார். கோவிலில் தொங்கியதையும் கழற்றினார்கள். பிடிக்க ஆள் போதாமல் பெண்களும் கிளம்பினார்கள். மழை பட்டு விளக்கின் மேண்டில் வலை உதிர்ந்துவிடாமல் இருக்க ஆளுக்கொரு சாக்கைத் தலையில் போட்டு, அதற்குள் விளக்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

விமானத்தளம் பக்கத்தில்தான். ஓடுபாதையின் ஒரு முனை குன்றில் முட்டும். மறு முனையைத் தாண்டினால் ஒரு வரப்பு, கொஞ்சம் புல்வெளி, அலையாத்தி மரங்கள், அப்புறம் குடாக்கடல். விமானம் கடல் பக்கமிருந்துதான் வர வேண்டும். ஜம்புலிங்கம் ஓடி ஓடி ஒவ்வொருவராக நிறுத்தினார். கடல் முனையில் ஒரு பக்கம் கஸ்பார், எதிர்ப்பக்கம் சூசைமேரி. கஸ்பாருக்கு அடுத்து சின்னப்பன்.

"நல்லாக் கேட்டுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் நகரக் கூடாது. இன்னா நடந்தாலும் லைட்டு நின்ன எடத்துல நிக்கணும்."

"சார், எங்க மேல வந்து எறங்கிட்டா?" என்று சின்னப்பன் கேட்டான்.

"ஓரமா நில்லுய்யா. உன் மேல எறங்க அது காக்காவா?"

மழை விட்டும் விடாமலும் பெய்தது. காற்று கடலிலிருந்து அடித்தது. விளக்கின் வெப்பம் முகத்தைச் சுட, முதுகு நனைந்து வெடவெடத்தது. வெளிச்சம் மங்கும்போதெல்லாம் குனிந்து பம்ப் அடிப்பார்கள். அந்த டக் டக் சத்தம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. சூசைமேரி வாய்க்குள் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் தப்பிப் போகும். மறுபடி முதலில் இருந்து தொடங்குவாள்.

"மேரி!" எதிர்ப்பக்கத்திலிருந்து கஸ்பார் குரல் கொடுத்தான். "குளிருதாட்டி?"

"இல்லங்க."

"சாக்கை நல்லா இழுத்துப் போர்த்து."

"நீங்க தலையத் தொடைங்க. சளி புடிக்கப் போவுது."

"ரெண்டு பேரும் கொஞ்சாதிய. அங்கன ஆபீசர் முறைக்காரு" என்றான் சின்னப்பன். 

முதலில் கேட்டது கஸ்பாருக்கு. கடலில் தூரத்துப் படகின் மோட்டாரைக் கேட்டுப் பழகிய காது. கையைத் தூக்கினான். பிறகு எல்லோருக்கும் கேட்டது, தெற்கே, மேகத்துக்குள்ளே, கொசு மாதிரி மெலிந்த ரீங்காரம். அது வளர்ந்தது. வரிசை முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஜம்புலிங்கம், "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சூசைமேரி விளக்கைத் தலைக்கு மேல் தூக்கினாள். அமுதம் அதற்குள் இருக்கிறாள். அந்தச் சத்தத்துக்குள் அமுதம் இருக்கிறாள்.

"இருமுது" என்றான் கஸ்பார்.

"என்னது?" என்றான் சின்னப்பன்.

"இஞ்சின் இருமுது மச்சான். கேளும்."

எல்லோருக்கும் கேட்டது. ஒரு விக்கல். கொஞ்சம் சீராக ஓடியது. மறுபடி விக்கல். பிறகு ஒரு பெரிய வெடிச் சத்தம், மேகத்தில் ஒரு சிவப்புப் பொறி. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மழை விளக்குக் கண்ணாடியில் பட்டுச் சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த ஜனங்களின் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே நான் சொல்லியாக வேண்டும், பிள்ளைகளே. அவர்கள் பிறந்த கரையில், ராத்திரி கடலில் ஒரு படகுக்கு ஆபத்து என்று தெரிந்தால் எந்த வீட்டிலும் விளக்கு இருக்காது. அடுப்பு விளக்கு, பீடத்து விளக்கு, பிணத்தின் தலைமாட்டு விளக்கானாலும் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு ஓடுவார்கள். கடலில் தத்தளிக்கிறவனுக்குக் கரை எங்கே என்று தெரிய வேண்டும். அதை அவர்கள் யோசித்துச் செய்வதில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்தே கால் அதைத்தான் செய்யும். தெலுங்குக்காரர்களுக்கும் அதே வழக்கம்.

"கரைக்கு!" என்று கஸ்பார் கத்தினான். "எல்லாரும் கரைக்கு!"

வரிசை கலைந்தது. கஸ்பார் முதலில், அவன் பின்னே சின்னப்பன், அவன் பின்னே அத்தனை விளக்குகளும். "நில்லுங்கய்யா! லைட்டை எடுக்காதீங்க! ப்ளேன் இன்னும் மேலதான்யா இருக்குது!" என்று ஜம்புலிங்கம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு குறுக்கே ஓடினார். ஒருவரைப் பிடித்து நிறுத்தினால் பத்துப் பேர் அவரைத் தாண்டி ஓடினார்கள்.

சூசைமேரி மட்டும் அசையாமல் நின்றாள். அந்த ஆபீசர் சொன்னது அவளுக்குக் கேட்டது. மேலேதான் இருக்கிறது. அவள் அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கஸ்பார் திரும்பி ஓடி வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

"வாட்டி! புள்ள கடல்ல கெடக்குட்டி!"

ஓடினாள். அவள் விளக்கும் போனதும் ஓடுபாதை இருண்டு போனது.

வரப்பைத் தாண்டிப் புல்வெளியில் இறங்கும்போது தலைக்கு மேலே, மிகத் தாழ்வாக, பாய்மரத் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம் கடந்து போனது. ஒரு கரிய நிழல். அது சாய்ந்து திரும்பியது. விளக்குகள் அலையாத்தி மரங்களுக்கு நடுவே உள்ள படகுத்துறைக்கு வந்து சேர்ந்த சமயம், குடாவுக்குள் தண்ணீரைப் பலகையால் ஓங்கி அறைந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு அலை வந்து சேற்றில் மோதியது.

கடல் உள்வாங்கிய வற்ற நேரம் வேறு. டுங்கிகள் சேற்றில் குந்தியிருந்தன. ஆண்கள் முழங்கால் புதையத் தள்ளினார்கள். தள்ளும்போது ஐலசா சொல்லும் வாய்கள் அன்று மாதாவின் பெயரைச் சொல்லின. கஸ்பாரின் டுங்கி முதலில் மிதந்தது, பின்னால் சின்னப்பனுடையது. பெண்கள் தண்ணீர் ஓரத்தில் விளக்கோடு வரிசையாக நின்றார்கள். இருட்டுக்குள் துடுப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"அமுதம்! ஏ அமுதம்!" கஸ்பாரின் குரல் தண்ணீரின் மேல் வந்தது. பதில் வரவில்லை.

சூசைமேரி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். பின்னுக்கு வரச் சொல்லி யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் வரவில்லை.

முதலில் திரும்பியது சின்னப்பன். படகில் ஒரே ஓர் ஆள்.

"பைலட்டு. ரெக்கையைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு. காலு போச்சு போல. இவரப் பாத்துக்க, மேரி."

"புள்ள எங்கண்ணே?"

"தேடுதோம். மாப்ள தேடுதாரு. ப்ளேன் முழுசா முங்கல, வால் தெரியுது." அவன் அதற்கு மேல் நிற்கவில்லை.

தத்தா சாபைச் சேற்றைத் தாண்டி மேட்டு மணலில் கிடத்தினார்கள். நரைத்த மீசை, நெற்றியில் ரத்தம். தூக்கி வந்தவர்கள் ஜீப்பைக் கூப்பிட ஓடிவிட, சூசைமேரி ஒரு கையில் விளக்கோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்கள் கடலிலேயே இருந்தன. அவர் கண்ணைத் திறந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முணுமுணுத்தார். அவள் காதைக் கொண்டுபோனாள்.

"மை ஸீதா ஆ ரஹா தா… லைட் கஹா கயா?"

இருபது வருஷம் தீவில் இருந்தவளுக்கு அதற்கு அர்த்தம் சொல்ல ஆள் வேண்டாம். நான் நேராகத்தான் வந்துகொண்டிருந்தேன், விளக்கு எங்கே போயிற்று என்கிறார். மறுபடியும் அதையே கேட்டார். குழந்தை கேட்பதுபோல் கேட்டார். பிறகு மயங்கிவிட்டார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் யாருமில்லை. கேட்டது அவள் ஒருத்திதான்.

அதற்குள் கடலில் கூச்சல். "இருக்கா! மேரி, புள்ள இருக்காட்டி!" கஸ்பாரின் குரல். விளக்குகளெல்லாம் அந்தப் பக்கம் ஓடின. டுங்கி வந்து சேற்றில் ஏறியது. கூட வந்த நர்சு ரேச்சல், நிக்கோபாரிப் பெண், அமுதத்தை மல்லாத்திப் பிடித்து, தலைமுடியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு அவ்வளவு நேரமும் மிதந்திருக்கிறாள். படகில் ஏற்றிய பிறகும் அந்த முடியை அவள் விடவில்லை, விரல்கள் விறைத்துப்போயிருந்தன. கஸ்பார் மகளை ஏந்திக்கொண்டு சேற்றில் நடந்து வந்தான். அவள் உதடு நீலமாக இருந்தது. கண் திறந்திருந்தது.

"யம்மா" என்றாள். அவ்வளவுதான்.

ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடிவதற்கு முன்னால் ஆபரேசன் முடிந்தது. தாய் பிழைத்துவிட்டாள். ஆண் குழந்தை. மூச்சு இல்லை.

கஸ்பார் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "எப்பம் போச்சு சாப்?"

"அது சொல்ல முடியாது. காலைலயே வயித்துக்குள்ள போயிருக்கலாம். வழியிலயும் இருக்கலாம். தண்ணியில விழுந்தப்பவும் இருக்கலாம்."

டாக்டர் மூன்று சொன்னார். கஸ்பாரின் காதில் ஏறியது கடைசி ஒன்றுதான்.

அமுதம் தாய்வீட்டுக்கு வந்து படுத்தாள். அடுத்த கப்பலில் வந்து சேர்ந்த அந்தோணிமுத்து வாசலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதான். வீட்டில் காயவைத்த பால்சுறா கூடை நிறைய இருந்தது. அமுதத்துக்கோ கேட்காமலே பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக வலித்தது. சூசைமேரி மல்லிகைப்பூவை அரைத்துப் பற்றுப் போட்டாள். ஒரு நாள் கூடையோடு சுறாவைத் தூக்கிக்கொண்டுபோய், அந்த மாசம் பிள்ளை பெற்றிருந்த தெலுங்குக்காரி வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

கஸ்பார் கடலுக்குப் போகவில்லை. இரை நறுக்கவில்லை, விளக்கைத் தொடவில்லை. விசாரணைக்கு மெயின்லேண்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கடைத்தெருவில் பேச்சு. ஜம்புலிங்கம் கெட்ட மனிதரல்ல. ஆனால் அவருக்கும் வேலை போய்விடும் பயம். "நான் கத்திக்கிட்டே இருந்தேன், அவங்க லைட்டை எடுத்துக்கிட்டு ஓடிட்டாங்க. நேரா வந்துக்கிட்டிருந்த ப்ளேன்" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சின்னப்பன் டீக்கடையில் அவரோடு சண்டைக்குப் போய், சட்டையைப் பிடிக்கிற அளவுக்கு வந்து, உதயசூரியன் நடுவில் விழுந்து பிரித்தான்.

"அவரு சொல்லுதது பொய்யில்லயே மச்சான்" என்றான் கஸ்பார் வீட்டில்.

"எது பொய்யில்ல? நாம ஓடலன்னா புள்ளையும் தண்ணிக்குள்ள கெடந்து செத்திருக்கும். டுங்கியத் தள்ள ஆளு யாரு இருந்தா?"

"தண்ணியில விழுந்ததே நாம ஓடுனதுனாலன்னா?"

சின்னப்பன் எழுந்து போய், சிக்கே இல்லாத தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். 

ராத்திரியில் கஸ்பார் மனைவியைக் கேட்பான். "ஏட்டி, நான் கத்தாம இருந்திருந்தா?"

"கஞ்சி ஆறுது. குடிங்க."

"நீ நின்னேல்லா. ஒனக்குத் தோணியிருக்கு. நாந்தான ஒன்ன இழுத்தேன்."

"எனக்கு ஒண்ணும் தோணல. காலு மரத்துப் போச்சு, அதான் நின்னேன்."

பொய்தான். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மணலில் கேட்டது நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. மகள் படுத்திருக்கிறாள், புருஷன் உடைந்துகொண்டிருக்கிறான். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் அதைச் சொல்லவில்லை. அது தன் பாவமா, வேறு யாருடையதா என்று அவளுக்கே புரியவில்லை.

"தத்தா சாபைப் போய்ப் பாக்கணும்" என்றான் கஸ்பார். "அவருக்குத்தான் தெரியும். அவரு வாயால கேட்டுட்டா ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிரும்."

அந்த இரண்டில் எது வரும் என்று சூசைமேரிக்குத் தெரியும். "இன்னும் பேச்சு வரலியாம்" என்றாள் ஒரு நாள். "காய்ச்சலாம், ஆரையும் விட மாட்டாவளாம்" என்றாள் இன்னொரு நாள். கஸ்பார் சட்டையைப் போடுவான், கழற்றுவான். ஆனால் அவன் கண் போகிற போக்கைப் பார்த்தாள். குடாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மீன்காரன் கடலைப் பார்க்கிற பார்வை அல்ல அது. ஒரு சாயங்காலம் டுங்கி கட்டுகிற கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவனிடமிருந்து அந்தக் கயிற்றை வாங்கி, பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று முதல் அவன் உறங்குகிறானா என்று விழித்திருந்து பார்த்தாள்.

மழை வெறித்த ஒரு காலையில் வாசலில் ஜீப் நின்றது. தத்தா சாபே வந்திருந்தார். காலில் பெரிய மாவுக்கட்டு, கக்கத்தில் கட்டை. மறுநாள் கல்கத்தா கப்பலில் போகிறார். அமுதத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்தாராம்.  சூசைமேரி நாற்காலி போட்டாள். அமுதத்தின் தலையில் கைவைத்து அவர் ஏதோ வங்காளத்தில் சொன்னார். அமுதம் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கஸ்பார் எதிரில் நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"சாப். ஒண்ணு கேக்கணும்."

"ஏங்க, டீ குடிச்சுட்டுக் கேக்கலாம்" என்றாள் சூசைமேரி.

"இப்பமே கேக்கணும்." அவன் இந்தியில் கேட்டான். தட்டுத்தடுமாறித்தான் கேட்டான். "நாங்க லைட்டை எடுக்காம இருந்திருந்தா, நீங்க எறங்கியிருப்பீங்களா?"

அமுதம் எழுந்து உட்கார்ந்தாள். அந்தோணிமுத்து வாசலில் நின்றுவிட்டான். அடுப்பில் தண்ணீர் கொதித்துத் தளும்பி, கங்கில் விழுந்து புகைந்தது; யாரும் போய்ப் பார்க்கவில்லை.

தத்தா சாப் கஸ்பாரைப் பார்த்தார். மெலிந்த கன்னத்தை, சவரம் செய்யாத முகத்தை, பிசைந்துகொண்டிருந்த கைகளை நிதானமாகப் பார்த்தார். அதற்கப்புறம் ஒரு கணம், ஒரே கணம், சூசைமேரியைப் பார்த்தார்.

"கஸ்பார்," என்றார், "இஞ்சின் நின்ற பிறகு அது விமானமில்லை. கல். அந்த உயரத்தில் ரன்வேவரை எனக்கு எட்டாது. நடுவில் மரங்கள். மரத்தில் அடித்திருந்தால் நாங்கள் மூன்று பேரும் எரிந்திருப்போம். எனக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. இருட்டில் தண்ணீர் எங்கே என்று தெரியவில்லை. அப்போதுதான் உங்கள் விளக்குகள் ஓடின. ஓடிப்போய் ஒரு கோடாக நின்றன. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் என்று தெரிந்தது. விசாரணையில் இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்."

கஸ்பார் அப்படியே தரையில் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. அமுதம் கட்டிலை விட்டு இறங்கி வந்து, அப்பன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "அழாதியப்பா. அழாதிய" என்றாள். அவளுக்காக அவர்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்த வீட்டில், அன்றைக்குத்தான் அவள் ஒருவரைத் தேற்றினாள்.

தத்தா சாப் டீ குடித்தார். சூசைமேரி அவருக்குக் கட்டையை எடுத்துக் கொடுத்து ஜீப்வரை கூடப் போனாள். சேற்றில் கட்டை புதையாமல் இருக்க முன்னால் முன்னால் பலகை எடுத்துப் போட்டாள். ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அன்றைக்கு மணலில்… என் பக்கத்தில் நீதானே இருந்தாய்? நான் ஏதாவது சொன்னேனா?"

சூசைமேரி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி கேட்டீங்க சாப்" என்றாள். "குடுத்தேன்."

அவர் அவளைக் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அவ்வளவுதான், பிள்ளைகளே. எழுந்து போகிறவர்கள் பார்த்து நடங்கள், படி வழுக்கும். உங்கள் வீட்டில் கடலுக்குப் போனவரும் வானத்தில் போனவரும் சோறு ஆறுவதற்குள் வந்து சேரட்டும். தொட்டில் கட்டிய வீட்டில் தொட்டில் ஆடட்டும், ஆடாத வீட்டில் ஆறுதல் சொல்ல ஒரு கை இருக்கட்டும். உங்கள் வாசலில் யாராவது உடைந்து நின்றால், அவரைத் தூக்கி நிறுத்துகிற சொல் உங்கள் வாயில் தானாக வரட்டும். நல்லா இருங்கள், எல்லோரும் நல்லா இருங்கள்.